எட்டுக் குடம் தண்ணீர்

கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, மின்விசிறி உண்டு, சாமான் போடப் பரண் உண்டு. டிரைவர் ஆசனத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் குடித்தனமே உண்டு. இல்லாதது திண்ணை ஒன்றுதான். இப்படிப்பட்ட ஒரு வேனில், நானும் என் மனைவியும் பங்குனிக் கடைசியில் தர்மபுரி ஜில்லாவைச் சுற்றி வந்தோம். ஐந்து நாள் பிரயாணம். ஒரு இரவுகூட விடுதியில் தங்கவில்லை.

"வயசான காலத்தில் வண்டியிலா குடித்தனம்?" என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அமெரிக்காவில் அரிஸோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. குளிர்காலம் வந்துவிட்டால் வடக்கே பனி பெய்யும் ராஜ்யங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் கிழவர்களும் கிழவிகளும் வீட்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி மாதக்கணக்கில் இருப்பார்கள். சென்ற வருஷத்துச் சிநேகிதர்களை மறுபடி பார்க்கவென்றே வருகிறவர்களும் உண்டு. நம் பக்கத்துக் கேரள அரசாங்கமும் 2021ல் இந்த மாதிரி வண்டிகளுக்கென்று ஒரு சுற்றுலாத் திட்டம் தொடங்கிற்று.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? நாமக்கல் லாரி டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். சமையல், படுக்கை, சாமி படம், ஊதுவத்தி எல்லாம் அந்த ஒரு லாரிக்குள்தான். நம் பாட்டனார் காலத்தில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போகவில்லையா? வண்டி அடியில் அரிக்கேன் விளக்கு ஆடும், வைக்கோல் மெத்தை, மரத்தடியில் கல் கூட்டிச் சமையல்.

"பாலைவனம் எங்கே இருக்கிறது தர்மபுரியில்?" என்று ஒரு நண்பர் கேட்டார். மணற்காடு கிடையாதுதான். ஆனால் தமிழில் பாலைக்கென்று தனி நிலம் எப்போது இருந்தது? மலையும் காடும் மழையற்றுக் காய்ந்தால் அதுவே பாலை என்பதுதான் நம் முன்னோர் கணக்கு. பங்குனிக் கடைசியில் தொப்பூர்க் கணவாய் ஏறிப் பாருங்கள். கரடுகளில் புல் பொசுங்கிக் கிடக்கும். பாறை சூடேறி, காற்று நடுங்கும். இடையிடையே புளிய மரங்கள் மட்டும் "நாங்கள் இருக்கிறோம்" என்பது போலப் பச்சையாக நிற்கும்.

நாற்பது வருஷத்துக்கு முன்பு நான் இந்த ஜில்லாவில் பள்ளிக்கூட ஆசிரியனாக இருந்தவன். 1965ல் சேலத்திலிருந்து பிரிந்த ஜில்லா இது. 2004ல் கிருஷ்ணகிரி இதிலிருந்தும் பிரிந்துபோயிற்று. என்னுடன் வேலை பார்த்த மூன்று நண்பர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்களைப் பார்ப்பதுதான் பிரயாணத்தின் நோக்கம்.

கணவாயில் எங்கள் வேன் மூச்சு வாங்கிற்று. லாரிகள் எதிர்ப்பக்கம் பள்ளத்தில் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கிக் கொண்டிருந்தன. விபத்துக்குப் பேர்போன இடம் இது. என் மனைவி கணவாய் முடியும் வரை வாய் திறக்கவில்லை. அது ஒரு சாதனை.

முதல் நண்பர் தர்மபுரி நகரத்தில் இருக்கிறார். வேனை வாசலில் நிறுத்தி, "ராத்திரி இதிலேயே படுத்துக்கொள்கிறோம்" என்றேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் வீட்டு வாசலில், என் வீடு இருக்க, வண்டியில் படுப்பதா? தெருவில் என்ன சொல்வார்கள்? தகடூர் மண்ணய்யா இது!"

தகடூர் என்பது தர்மபுரிக்குப் பழைய பெயர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான். அவனிடம் ஒரு நாள் போனாலும் பல நாள் போனாலும் முதல் நாள் போலவே வரவேற்பான் என்று ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. நண்பர் தமிழாசிரியர். ஆகவே அதியமானைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அரை மணி நேரம் வாதாடினார். முடிவு என்ன ஆயிற்று தெரியுமா? நாங்கள் அவர் வீட்டில் படுத்தோம். அவர் எங்கள் வேனில் படுத்தார்! "எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம்" என்று போனவர், காலையில் ஏழு மணி வரை எழுந்திருக்கவில்லை.

கோட்டைக் கோயிலில் தரையைத் தொடாத தூணைக் காட்டினார். அடியில் துணியை விட்டு இழுத்தும் காட்டினார். நான் ஆசிரியனாக இருந்தபோது பிள்ளைகளை அழைத்து வந்து இதையேதான் செய்து காட்டியிருக்கிறேன். இருந்தாலும் மறுபடி ஆச்சரியப்பட்டேன்.

பாப்பாரப்பட்டியில்

மறுநாள் பென்னாகரம் பக்கம் போகிற வழியில் பாப்பாரப்பட்டியில் நின்றோம். சுப்பிரமணிய சிவாவின் ஊர். அவர் பிறந்தது வத்தலக்குண்டில், 1884ல். ஆனால் மனத்தில் வாங்கிக்கொண்ட ஊர் இதுதான்.

சிறையில் அவரைத் தொழுநோய் பற்றிக்கொண்டது. வெளியே வந்த பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் தடுத்தது. சரி என்று கால்நடையாகவும் கட்டை வண்டியிலுமாகப் போனார். அங்கங்கே இருந்த நண்பர்கள்தாம் அவருக்கு ஸ்டேஷன்கள். பாரத மாதாவுக்கு இங்கே கோயில் கட்டவேண்டும் என்று ஆசைப்பட்டு, 1923ல் சித்தரஞ்சன் தாஸை அழைத்து வந்து அஸ்திவாரக் கல் நாட்டச் செய்தார். கோயில் எழும்புவதற்குள் 1925 ஜூலை 23ந் தேதி இங்கேயே கண்ணை மூடினார். வயது 40தான். இப்போது மணிமண்டபமும், பாரத மாதா நினைவாலயமும் இருக்கின்றன.

மெத்தையும் மின்விசிறியும் உள்ள என் வேனை அந்த மண்டபத்தின் முன்னால் நிறுத்தியபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. உடம்பெல்லாம் புண்ணோடு, இதே வெயிலில், மாட்டு வண்டியில் அசைந்து அசைந்து வந்த மனிதரை ஊரார் எந்தத் திண்ணையில் உட்கார வைத்து, முதலில் என்ன கொடுத்திருப்பார்கள்? தண்ணீரைத்தான் கொடுத்திருப்பார்கள்.

நீலப் பீப்பாய்

இரண்டாவது நண்பர் பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறார். ஓட்டு வீடு, முன்னால் வேப்ப மரம், இரண்டு மாடு. நாங்கள் போனபோது வீட்டம்மாள் திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தார். கொட்டை ஒரு பக்கம், நார் ஒரு பக்கம். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் போட்டார்கள். நாற்பது வருஷத்துப் பசி தீரச் சாப்பிட்டேன்.

இப்போது எங்கள் வேனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். அதில் எல்லாம் உண்டு என்றேன் அல்லவா? தண்ணீர் மட்டும் தானாக வராது. 120 லிட்டர் தொட்டி ஒன்று அடியில் இருக்கிறது. குளிப்பது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அதிலிருந்து. இரண்டு நாளில் காலியாகிவிடும். உறிஞ்சி நிரப்ப ஒரு சின்ன பம்பும் ரப்பர் குழாயும் வைத்திருக்கிறோம்.

"தண்ணீர் பிடித்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் கேட்கணுமா?" என்றார் நண்பர். கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி, பக்கத்தில் மூடி போட்ட ஒரு நீலப் பீப்பாய். தொட்டியில் மாடு வாய் வைத்துக்கொண்டிருந்தது. ஆகவே பீப்பாயில் குழாயை விட்டேன். பத்து நிமிஷத்தில் எங்கள் தொட்டி நிறைந்தது. நண்பர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் என் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். "அந்த அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறார்கள், பார்த்தீர்களா? நீங்கள் எடுத்தது குடிக்கிற தண்ணீர்!"

குடம் ஒன்றுக்குப் பதினைந்து லிட்டர். 120 லிட்டருக்கு எட்டுக் குடம். குழாயில் தண்ணீர் வருகிற முறைக்குக் காத்திருந்து, பிடித்து, மூடி வைத்த எட்டுக் குடத்தை நான் பத்து நிமிஷத்தில் உறிஞ்சிவிட்டேன். அதில் பாதி நாங்கள் குளிப்பதற்கு!

"அந்தத் தொட்டியில் இருப்பது போர்த் தண்ணீர்தானே, அதை எடுத்துக் காய்ச்சிக் குடிக்கக்கூடாதா?" என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். சிரித்தபோதுதான் அவருடைய பல்லைப் பார்த்தேன். மஞ்சளும் பழுப்புமாகக் கோடு கோடாக இருந்தன. அந்த நாளிலேயே அப்படித்தான். வெற்றிலைக் கறை என்று நினைத்து நாங்கள் அவரைக் கேலி செய்வோம். "வெற்றிலைச் செட்டியார்" என்று பட்டப் பெயர்கூட உண்டு. அவர் வெற்றிலை போட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அன்று ஏனோ எனக்கு உறைக்கவில்லை.

அது கறை அல்ல, தண்ணீரின் வேலை. இந்த ஜில்லாவின் பாறைகளில் ஃபுளோரைடு என்ற உப்பு இருக்கிறது. நிலத்தடி நீர் வருஷக்கணக்கில் அந்தப் பாறையிலேயே ஊறுவதால் உப்பு அதில் கரைந்துவிடுகிறது. மழை குறைந்து, போரை ஆழமாக ஆழமாக இறக்க இறக்க, பாறைத் தண்ணீர்தான் கிடைக்கிறது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு அளவு. மிஞ்சினால், பல் முளைக்கிற வயதிலேயே குழந்தையின் பல்லில் அது கோடு போட்டுவிடும். இன்னும் மிஞ்சினால் எலும்பையே பிடிக்கும்; முதுகு வளையும், முழங்கால் கோணும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியில் தெரியாது. காய்ச்சினால் போகுமா என்றால், அதுதான் வேடிக்கை: தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பின் அளவு கூடுமே தவிரக் குறையாது. நான் கொடுத்த யோசனையின் அழகு அப்படி!

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு, சுமார் 1,900 கோடி ரூபாய்ச் செலவில், 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். காவிரித் தண்ணீரைச் சுத்தம் செய்து, மேட்டுக்கு ஏற்றி, குழாய் வழியே தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்கு அனுப்புகிறார்கள். நீலப் பீப்பாயில் இருந்தது அந்தக் காவிரிதான். "என் பேத்தி பல்லைப் பாருங்க" என்று சிறுமியைக் கூப்பிட்டுக் காட்டினார் நண்பர். முல்லை அரும்பு மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. அந்தக் குழந்தை வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டது.

"தண்ணீரைத் திரும்பப் பீப்பாயில் ஊற்றிவிடுகிறேன்" என்றேன்.

"கொடுத்ததை வாங்கிக்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை" என்றார். அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. அன்று இரவு வேனில் படுத்தோம். நான் குளிக்கவில்லை.

மறுநாள் ஒகேனக்கல். கோடையானதால் அருவி மெலிந்துதான் இருந்தது. ஆனாலும் பரிசலில் போனோம், பொரித்த மீன் வாசனையை மட்டும் ரசித்தோம் (என் மனைவி சைவம்). எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவர் என்னைப் பிடித்து உட்கார வைத்து எலும்பெல்லாம் முறிகிற மாதிரித் தட்டினார். பிறகு அருவியில் நின்றேன். தலையில் கொட்டுகிற தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் குடம் குடமாகவே கணக்குத் தோன்றிற்று.

திரும்புகிற வழியில் பென்னாகரத்தில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஆறு வாங்கினேன். எட்டுக் குடத்துக்குச் சரியான கணக்கு. நண்பர் வாசலில் இறக்கியபோது அவர் முகம் சுருங்கிவிட்டது.

"விருந்தாளி காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கி வருகிறதா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நல்ல வேளை, வீட்டம்மாள் உள்ளேயிருந்து வந்தார். ஒரு கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பக்கத்து வீட்டுக்கு ஒரு குடம் கடன் இருக்குது, இதைக் கொடுத்துடறேன். மீதியில் காப்பி போடறேன், உட்காருங்க" என்று சொல்லிப் போய்விட்டார். நண்பருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காப்பி நன்றாயிருந்தது.

பாறை சொட்டும் தீர்த்தம்

மூன்றாவது நண்பர் அரூரில். அங்கிருந்து தீர்த்தமலை பதினாறு கிலோமீட்டர். அவரும் நாங்களுமாக விடியற்காலையில் மலை ஏறினோம். வயது காரணமாக ஏறியதைவிட உட்கார்ந்ததே அதிகம். மேலே தீர்த்தகிரீசுவரர் கோயில். செங்குத்தான பாறையின் உச்சியிலிருந்து ராமர் தீர்த்தம் விழுகிறது. விழுகிறது என்று சொல்வது மிகை. அந்தக் கோடையில் சொட்டிற்று. சொட்டுக்குச் சொட்டு இடைவெளி இருந்தது. ஆனால் நிற்கவில்லை. கீழே ஜனங்கள் தலையைக் காட்டிக்கொண்டு, பொறுமையாக, ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். யாரும் முந்தவில்லை. ஒரு கிழவி சின்னச் செம்பை நீட்டிக்கொண்டு அது நிறைகிற வரை கால் மணி நேரம் நின்றாள்.

இறங்கி அரூருக்கு வந்து, சாப்பிட்டு, ஊருக்குப் புறப்பட ஆயத்தமானோம். நண்பர் வேனைச் சுற்றி வந்து பார்த்தார். அடியில் தொட்டி இருப்பதையும் பார்த்துவிட்டார்.

"வழிக்குத் தண்ணீர் பிடிச்சுக்கிறீங்களா? பின்னால தொட்டி இருக்குது" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"பிடிச்சுக்கிறோம் அண்ணா. எந்தத் தொட்டி என்று மட்டும் நீங்களே வந்து காட்டிவிடுங்கள்."