தோப்பில் விழும் வானத்துக் கணக்கு

தென்னந்தோப்பில் கிழிந்த பலூனோடு ஒரு சின்னப் பெட்டி கிடந்தால் பாறசாலைக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. அது ஓசோனை அளந்துவிட்டு இறங்கிய கருவியாக இருக்கலாம். பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. நெய்யாற்றின்கரை தாலுகாவின் எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடையில் கலக்கின்றன. தலைக்கு மேலுள்ள ஓசோனுக்கு எந்த எல்லையும் கிடையாது.

ஒரு மணி நேரப் பயணத்தில் திருவனந்தபுரம். 1970-கள் முதல் இந்திய வானிலைத் துறை அங்கிருந்து பலூன்களில் இக்கருவிகளைப் பறக்கவிட்டு வந்திருக்கிறது. தத்துவம் எளிது. சிறிய பம்ப் ஒன்று காற்றை இழுத்து பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் செலுத்தும். காற்றில் ஓசோன் இருந்தால் அயோடின் பிரிந்து மெல்லிய மின்சாரம் பாயும். ஓசோன் கூடினால் மின்சாரமும் கூடும். அந்த அளவை ரேடியோ உடனுக்குடன் தரைக்கு அனுப்பும். சுமார் 30 கி.மீ. உயரத்தில் பலூன் வெடிக்கும். காற்றின் போக்கைப் பொறுத்து, கருவி கடலிலும் விழலாம், தோப்பிலும் விழலாம்.

இது உள்நாட்டுத் தயாரிப்பு. 1960-களில் இதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், 1918-ல் பீர்மேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி. 2001-ல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

செயற்கைக்கோள் இருக்க பலூன் எதற்கு? எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் என்பதைப் பலூன் நேரில் போய் அளக்கிறது. தவிர, 1985-ல் உலகம் ஒரு பாடம் கற்றது. அண்டார்டிகாவின் ஓசோன் ஓட்டையை அம்பலப்படுத்தியது, ஹாலி நிலையத்தில் 1950-கள் முதல் தரையிலிருந்தே அளந்துவந்த டாப்சன் கருவி. நாசாவின் செயற்கைக்கோளிலும் அந்தச் சரிவு பதிவாகியிருந்தது. ஆனால் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு என்று அந்த எண்கள் சந்தேகத்துக்குரியவையாக ஒதுக்கப்பட்டிருந்தன. விடாமல் அளந்தவர்களிடம்தான் ஒப்பிடப் பழைய கணக்கு இருந்தது. கொடைக்கானலிலும் 1957-லேயே டாப்சன் கருவி வந்துவிட்டது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் மொத்த ஓசோன் இயல்பிலேயே குறைவு, வெயிலோ உச்சந்தலையில். வயலிலும் கடற்கரையிலும் உழைப்பவர்களுக்கு இந்த எண்கள் வெறும் அறிவியல் அல்ல.

1987-ல் மான்ட்ரீல் ஒப்பந்தம் உருவானது. 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. துருவங்களைத் தவிர்த்த பகுதிகளில் 2040 வாக்கில் ஓசோன் 1980-ன் அளவுக்குத் திரும்பும் என்கிறது 2023-ல் வெளியான ஐ.நா. ஆதரவு மதிப்பீடு. அது பலித்ததா என்று அன்று சரிபார்க்க, இன்றைய கணக்கை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.