நோட்டில் எழுதினால் நினைத்தது நடக்குமா? கையால் எழுதும் 'டு-டூ லிஸ்ட்' உண்மையில் செய்வது என்ன?

1988-ம் ஆண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வசித்த ஆக்டேவியா பட்லர் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர், தன் நோட்டு அட்டையின் உட்பக்கத்தில் சில வரிகளை எழுதிவைத்தார். தன் நாவல்கள் பெஸ்ட்செல்லர் பட்டியலில் வரும், அழகான ஒரு வீடு வாங்குவேன், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் எழுத்துப் பயிற்சிக்குப் போக உதவுவேன் என்பதுதான் அவற்றின் சாரம். 'இப்படியே நடக்கட்டும்' என்ற உறுதியோடு எழுதப்பட்ட அந்தப் பக்கம், இன்று ஹன்டிங்டன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

2020 செப்டம்பரில், அவருடைய 'பாரபிள் ஆஃப் தி சோவர்' நாவல் நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் பட்டியலில் இடம்பிடித்தது. எழுதியது நடந்துவிட்டது. ஆனால், பட்லர் இறந்து அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த நோட்டுப் பக்கத்தின் படம் இணையத்தில் அடிக்கடி சுற்றும். 'பாருங்க, எழுதினா நடக்கும்' என்பதற்கு உதாரணமாகக் காட்டப்படும். உண்மையிலேயே எழுதினால் நடக்குமா?

அது என்ன 'மேனிஃபெஸ்ட்'?

விரும்புவதை மனதில் நிறுத்தி, அது நடந்தே தீரும் என்று நம்பி, அதை நிஜமாக்குவதைத்தான் இன்று 'மேனிஃபெஸ்ட்' என்கிறார்கள். கேம்பிரிட்ஜ் அகராதி 2024-ம் ஆண்டின் சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தது. ரீல்ஸில் பிரபலமான '369' முறையும் இந்த வகைதான். ஆசையை காலையில் 3 முறை, மதியம் 6 முறை, இரவு 9 முறை எழுத வேண்டும்.

நமக்கு இது முழுக்கப் புதிதும் அல்ல. மளிகை லிஸ்ட்டுக்கே மேலே பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிக்கிற ஊர் இது. பரீட்சை நேரத்தில் 'ஸ்ரீராமஜெயம்' 108 முறை எழுதிய நோட்டு பல வீட்டுப் பரண்களில் இன்னும் இருக்கும். எழுதும்போது மனசு ஒரு நிலைக்கு வருகிறது என்பது பலரும் உணர்ந்த விஷயம்தான். அதற்கு மேல் என்ன நடக்கிறது என்பதில்தான் ஆய்வுகள் உதவுகின்றன.

எழுதி வைத்தால் மனசு ஏன் லேசாகிறது?

முடிக்காத வேலை மனதில் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று 1927-ல் சொன்னவர் உளவியலாளர் புளூமா சைகார்னிக். முடித்த வேலைகளைவிட, பாதியில் நிறுத்திய வேலைகளே அதிகம் நினைவில் நிற்கின்றன என்பது அவரது கண்டுபிடிப்பு. பின்னர் வந்த சோதனைகள் எல்லாவற்றிலும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும், 'அந்த மெயில் அனுப்பலையே' என்று குளிக்கும்போது திடுக்கிட்டவர்களுக்கு அவர் சொல்வது புரியும்.

இதில் முக்கியமான அடுத்த கட்டம் 2011-ல் வந்தது. ஆய்வாளர்கள் மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் முடியாத வேலை பாக்கி உள்ளவர்களிடம் சோதனை நடத்தினார்கள். அந்த வேலை பற்றிய எண்ணம், படிப்பது போன்ற வேறு வேலைகளுக்கு நடுவே குறுக்கிட்டது. ஆனால், அதை எப்படி முடிப்பது என்று திட்டம் போட்டவர்களுக்கு அந்தத் தொல்லை குறைந்தது. இத்தனைக்கும் வேலை இன்னும் முடியவில்லை. திட்டம் இருக்கிறது என்று தெரிந்ததுமே மனது அதை விட்டுவிட்டது.

தூக்கத்துக்கும் இது உதவலாம். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களிடம் ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2018-ல் வெளியாகின. படுக்கும் முன் 5 நிமிடம், பாதிப் பேர் இனி செய்ய வேண்டியதை எழுதினார்கள். மீதிப் பேர் ஏற்கெனவே செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். அவர்களிலும், பட்டியலை எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால், செலவில்லாமல் இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

கையால்தான் எழுதணுமா? போன் போதாதா?

நார்வே ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் சொற்களை கையால் எழுதும்போதும் தட்டச்சு செய்யும்போதும் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு அதிகமாக இருந்தது. கற்பதற்கு இது உதவக்கூடும் என்பது அவர்கள் கருத்து.

அதற்காக 'கையால் எழுதிய இலக்குதான் பலிக்கும்' என்று அர்த்தம் இல்லை. அந்த ஆய்வு இலக்குகளைப் பற்றியதே அல்ல. ஆனால், நடைமுறையில் காகிதத்துக்கு ஒரு வசதி உண்டு. லிஸ்ட் எழுத போனை எடுத்தால் நடுவில் வாட்ஸ்அப் வரும், அப்புறம் ரீல்ஸ் வரும். நோட்டில் அந்தத் தொந்தரவு கிடையாது. கை மெதுவாக எழுதுவதால், 'இது இன்னிக்கு உண்மையிலேயே தேவையா?' என்று யோசிக்கவும் நேரம் கிடைக்கிறது.

கனவை மட்டும் எழுதினால் என்ன ஆகும்?

இங்கேதான் சிக்கல். 1999-ல் வெளியான ஒரு ஆய்வில், கலிஃபோர்னியா மாணவர்களில் ஒரு பிரிவினர் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியதாகவும், இன்னொரு பிரிவினர் உட்கார்ந்து படிப்பதாகவும் தினமும் கற்பனை செய்தார்கள். படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் நல்ல மதிப்பெண் எடுத்தார்கள். மதிப்பெண்ணை மட்டும் கற்பனை செய்தவர்கள் படித்த நேரமும் குறைந்தது, எடுத்த மதிப்பெண்ணும் குறைந்தது.

ஜெர்மனியில் கேப்ரியல் ஒட்டிங்கன் செய்த ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கதைதான். படிப்பை முடித்த இளைஞர்களில், கனவு வேலையில் இருப்பதாக அதிகம் கற்பனை செய்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வேலை வாய்ப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு. அவர்கள் அனுப்பிய விண்ணப்பங்களே குறைவாக இருந்தன. கற்பனையிலேயே ஜெயித்துவிட்டதால் ஓடுவதற்கான வேகம் குறைந்துவிடுகிறது என்பது அவரது விளக்கம்.

'யேல் பல்கலைக்கழகத்தில் 1953-ல் படித்தவர்களில், இலக்கை எழுதிவைத்த 3 சதவீதம் பேர் மற்ற எல்லோரையும்விட அதிகம் சம்பாதித்தார்கள்' என்ற கதையை மோட்டிவேஷன் கூட்டங்களில் கேட்டிருக்கலாம். அப்படி ஒரு ஆய்வு நடக்கவே இல்லை.

அப்போ எப்படி எழுதுவது?

*எப்போது, எங்கே என்பதைச் சேருங்கள்.* பீட்டர் கோல்விட்சர் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்கப்பட்டது. எந்த நேரத்தில், எந்த இடத்தில் எழுதுவோம் என்று முன்பே முடிவு செய்தவர்களில் பத்துக்குச் சுமார் ஏழு பேர் நேரத்துக்கு முடித்தார்கள். அப்படி முடிவு செய்யாதவர்களில் பத்துக்குச் சுமார் மூன்று பேர்தான். எனவே, 'வேலை மாறணும்' என்பதற்குப் பதில், 'செவ்வாய் இரவு சாப்பிட்டதும், ரெஸ்யூமேயில் கடைசி இரண்டு புராஜெக்ட்டைச் சேர்க்கணும்' என்று எழுதலாம்.

*தடையையும் எழுதுங்கள்.* ஆசைக்குப் பக்கத்திலேயே அதற்குக் குறுக்கே நிற்கும் விஷயத்தையும் எழுதச் சொல்கிறார் ஒட்டிங்கன். 'ஆபீஸ் விட்டு வந்ததும் களைப்பாக இருந்தால், பத்து நிமிடம் மட்டும் உட்காருவேன்' என்று அதற்கான வழியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

*நேரத்தைக் கூட்டிப் போடுங்கள்.* 1994-ல் வெளியான ஒரு ஆய்வில், ஆய்வேட்டை சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்று கணக்குப் போட்ட மாணவர்களுக்கு உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். லிஸ்ட்டில் பாதி மிஞ்சினால் அது சோம்பேறித்தனமாகவே இருக்க வேண்டியதில்லை, கணக்குத் தப்பாகவும் இருக்கலாம்.

நடக்கவில்லை என்றால் யார் குற்றம்?

மேனிஃபெஸ்ட் வீடியோக்களின் பெரிய ஆபத்து இதுதான். நினைத்தது நடந்தால் எழுதியதன் சக்தி. நடக்கவில்லை என்றால், 'நீ முழுசா நம்பல' என்று பழி எழுதியவர் மேலேயே விழுகிறது. ஆட்குறைப்பில் வேலை போனவருக்கும், வீட்டுக் கடனைச் சுமந்துகொண்டு வேலை மாற முடியாமல் நிற்பவருக்கும் குறைந்தது நம்பிக்கை அல்ல. வாய்ப்பும் பணமும் நேரமும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

பட்லரின் கதையிலும் ரீல்ஸில் வராத பகுதி ஒன்று உண்டு. ஆரம்ப காலத்தில் பாத்திரம் கழுவினார், போனில் பொருள் விற்றார், சிப்ஸ் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையும் செய்தார். அதிகாலை 2 மணிக்கு எழுந்து கதை எழுதிவிட்டு வேலைக்குப் போனார். நோட்டில் அந்த வரிகளை எழுதிய 1988-ல், அவருடைய பல நாவல்கள் ஏற்கெனவே வெளிவந்திருந்தன. அந்தப் பக்கம் அவருக்குத் தெம்பு கொடுத்திருக்கலாம். புத்தகங்களை எழுதியது அந்த 2 மணி விழிப்புதான்.

இன்றிரவு நோட்டை எடுப்பவர்கள் ஆசையை மேலே தாராளமாக எழுதலாம், பிள்ளையார் சுழியும் போடலாம். அதற்குக் கீழே நாளைக்குச் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையையும், அதைச் செய்யும் நேரத்தையும் எழுதிவிட்டுப் படுத்தால் போதும்.