ரசீதில் வராத செலவு

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகையில் தரப்படும் ரசீது, நோயின் விலையில் ஒரு பகுதியை மட்டுமே காட்டும். வேலைக்குச் செல்லாத நாள்களின் ஊதியம், துணைக்கு இருந்தவர் இழந்த கூலி, அடகுக் கடைக்குப் போன வளையல், படிப்பை நிறுத்திய பிள்ளை ஆகியவற்றுக்கு எவரும் ரசீது எழுதுவதில்லை. எனினும் அவற்றையும் தொகையாக்கி, ஒரு நோயால் சமுதாயம் இழப்பது எவ்வளவு என்று கணிக்கும் பிரிவு ஒன்று பொருளாதாரத்தில் உண்டு. கொள்ளைநோயிலிருந்து இலண்டன் மக்களைக் காப்பது அரசுக்கு எத்துணை ஆதாயம் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுப் பார்த்தவர் வில்லியம் பெட்டி. இக்கணக்கிற்கு இன்றுள்ள முறையான வடிவத்தை அமெரிக்காவில் 1966-இல் அளித்தவர் டோரதி ரைஸ்.

நம் நாட்டில் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு காசநோய். ஆண்டுதோறும் ஏறத்தாழ 28 இலட்சம் இந்தியர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். உலக எண்ணிக்கையில் இது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். அப்படியாயின் செலவு எங்கிருந்து வருகிறது?

இதற்கு விடை தேடிய ஓர் ஆய்வு தமிழ்நாட்டில் நடைபெற்று, 1999-இல் வெளிவந்தது. நோயுற்ற 304 பேரிடம் விவரம் திரட்டப்பட்டது. நேரடிச் செலவு சராசரியாக ரூ.2,052, வருவாய் இழப்பு முதலிய மறைமுகச் செலவு ரூ.3,934. மொத்தம் ரூ.5,986-இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்த ரசீதிலும் இடம்பெறாதது. சராசரியாக 83 வேலைநாள்கள் இழக்கப்பட்டன, கடன் ரூ.2,079. அன்றைய பணமதிப்பில், கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது சிறிய தொகையன்று. தொகையைவிட மனத்தை உறுத்துவது அதே ஆய்வின் வேறொரு வரி: அவ்வீடுகளில் பள்ளி செல்லும் பிள்ளைகளில் 11 விழுக்காட்டினர் படிப்பை நிறுத்தினர், மேலும் 8 விழுக்காட்டினர் குடும்பத்தைத் தாங்க வேலைக்குச் சென்றனர். ஒரு பிள்ளை இழந்த கல்வி அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளின் வருவாயைக் குறைக்கும். அதை எந்த ஆண்டின் பேரேட்டில் எழுதுவது?

அளவிடும் முறைகளிலும் பூசல் உண்டு. நோயாளி இழந்த உழைப்பு முழுவதையும் அவருடைய ஊதிய விகிதத்தால் பெருக்குவது பழைய முறை. ஒருவர் இளமையில் இறந்தால், ஓய்வு பெறும் வயதுவரை அவர் ஈட்டியிருக்கக்கூடியது எல்லாம் இழப்பாகும். நெதர்லாந்துப் பொருளியலாளர் சிலர் 1990-களில் இதை மறுத்தனர். அவ்விடத்திற்கு வேறொருவர் வேலைக்கு அமர்த்தப்படும் வரையிலான காலமே சமுதாயத்தின் இழப்பு என்பது அவர்கள் வாதம். வேலை தேடுவோர் மிகுந்த நம் நாட்டில் இவ்வாதத்தை ஏற்றால், கட்டடத் தொழிலாளி ஒருவரின் நோயால் நாட்டுக்கு இழப்பே இல்லை என்று கூட முடிந்துவிடும். மறுநாளே அங்கு வேறு ஆள் நிற்பார். ஆனால் அந்தத் தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. யாருடைய இழப்பை அளக்கிறோம் என்பதை முதலிலேயே கூறிவிடாத எந்தக் கணக்கையும் ஐயத்துடன் நோக்குவதே நன்று.

இல்லத்தரசி நோயுற்றால் சிக்கல் இன்னும் பெரிது. ஊதியம் இல்லை, ஆகவே இழப்பு பூச்சியம் என்று எழுதிய கணக்குகள் பல. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். அவ்வேலையைச் செய்யக் கூலிக்கு ஆள் வைத்தால் என்ன கொடுப்போமோ, அதையே அதன் மதிப்பாகக் கொள்வது இப்போது பின்பற்றப்படும் வழிகளுள் ஒன்று.

செலவு மறைவதும் இடம் மாறுவதும் ஒன்றல்ல. காசநோயாளரைச் சானடோரியத்தில் வைத்துப் பேணுவதற்கு நிகராக வீட்டிலேயே மருந்தளித்தும் குணப்படுத்தலாம் என்பதை நிறுவியது, 1956-இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு. (அக்காலத்தின் நினைவை ஒரு தொடர்வண்டி நிலையத்தின் பெயர் இன்றும் தாங்கியிருக்கிறது: தாம்பரம் சானடோரியம்.) உலகெங்கும் படுக்கைச் செலவு குறைய அது வழிசெய்தது. நோயாளிகள் குடும்பத்தை விட்டுப் பிரியாதிருந்தனர் என்பது பெரும்பேறு. ஆனால் செவிலியர் செய்த பணிவிடை வீட்டுப் பெண்களிடம் வந்து சேர்ந்தது. அது எந்தச் செலவுப் பட்டியலிலும் ஏறவில்லை.

இதனால்தான் உலக நலவாழ்வு அமைப்பு, காசநோயால் ஒரு குடும்பம் அடையும் செலவையும் வருவாய் இழப்பையும் சேர்த்தே பார்க்கிறது. அவை ஆண்டு வருமானத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் அது பேரிடர்ச் செலவு. மக்கள் தம் கையிலிருந்து செலுத்தும் மருத்துவச் செலவின் பங்கு, நம் நாட்டின் மொத்த நலவாழ்வுச் செலவில் 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்து, 2021-22-இல் 39.4 ஆகக் குறைந்துள்ளது. வரவேற்கத்தக்கதே. எனினும் இழந்த ஊதியம் அந்த எண்ணுக்குள் இல்லை.

ஊதிய இழப்பை ஈடுசெய்ய நம்மிடம் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டின் சட்டத்தால் தோன்றிய தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டப்படி, தகுதியுள்ள தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்காலப் பயனாகக் கிட்டும். காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு இன்னும் கூடுதல். மேற்சொன்ன 83 நாள்களை இதனருகே வைத்துப் பாருங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்க்கு இந்நிழல் இல்லை. வாடிக்கையாளர் பலர் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் மருத்துவமனைச் செலவை ஈடுசெய்வதே. வீட்டில் முடங்கிய மாதங்களின் வருவாயை அது தராது. அவசரகாலச் சேமிப்பைத் திட்டமிடும்போது மருத்துவச் செலவோடு மூன்று மாத வீட்டுச் செலவையும் சேர்த்து எண்ணுவது இதனால் தேவையாகிறது.

காசநோயாளர்க்கு மட்டும், 2018 ஏப்ரல் முதல் நிக்ஷய் போஷண் திட்டத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் ரூ.500 நேரடியாக வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது ரூ.1,000. உணவுக்கென அளிக்கும் தொகை வீணாகாது என்பதற்கு ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு சான்று. 2023-இல் வெளிவந்த அதன் முடிவின்படி, நோயாளிகளின் குடும்பத்தார்க்கும் உணவுப் பொருள் வழங்கிய வீடுகளில், ஏனையோர்க்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. இத்தொகை பெற நோயாளிக்கு வேண்டியது, செயல்பாட்டில் உள்ள ஒரு வங்கிக் கணக்கு. உங்கள் வீட்டில் பணிபுரிபவருக்கோ அண்டை வீட்டாருக்கோ அது இல்லையெனில், ஜன்தன் திட்டத்தின்கீழ்க் குறைந்தபட்ச இருப்பின்றியே தொடங்கலாம்.