எடை குறையாவிட்டாலும் நடங்கள்!

"தினமும் நடக்கிறேன். எடை குறையவில்லையே!" என்று பருத்த உடம்புக்காரர்கள் பலர் நடப்பதை விட்டுவிடுகிறார்கள். அது தவறு.

அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. பருத்த உடலும், ரத்தத்தில் சற்றுக் கூடுதல் சர்க்கரையும் உள்ள 3,234 பேர் அதில் சேர்ந்தார்கள்.

சிலருக்கு மாத்திரை கொடுத்தார்கள். சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. மற்றவர்கள் உணவில் கொழுப்பைக் குறைத்து, வாரம் 150 நிமிடம் வேகமாக நடந்தார்கள்.

முடிவு 2002-ல் வெளிவந்தது. வெறும் மாத்திரை தின்றவர்களைவிட, மருந்து தின்றவர்களுக்கு நீரிழிவு வருவது 31 சதவீதம் குறைந்தது. உணவைக் குறைத்து நடந்தவர்களுக்கு 58 சதவீதம் குறைந்தது!

நடப்பதால் என்ன பயன்? நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்து எரிக்கின்றன. எடை குறையும் முன்பே இது தொடங்கிவிடும். பலன் மறுநாள் வரை நிற்கும்.

தராசு முள் அசையாவிட்டால் என்ன? இன்று மாலையும் நடங்கள்!