பேட்டரி மீது பழி போடும் முன்...

புல் வெட்டும் டிராக்டரின் சாவியைத் திருப்புகிறீர்கள். எஞ்சின் சுழலவில்லை. 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கிறது. "பேட்டரி போச்சு, புதுசு வாங்க வேண்டியதுதான்" என்கிறார் அருகில் நிற்பவர். புதியது பொருத்தியதும் டிராக்டர் ஓடுகிறது. சில நாள்கள் கழித்து மீண்டும் அதே 'டிக்'! புதிய பேட்டரியும் கெட்டுவிட்டதா?

மாணவர்களே, பேட்டரியை ஒரு தண்ணீர்த் தொட்டியாக நினைத்துப் பாருங்கள். தொட்டி காலியாக இருந்தால் அதில் ஓட்டை இருக்கிறது என்று முடிவு கட்ட முடியுமா? அதை நிரப்பும் குழாயில் தண்ணீர் வராமலும் இருக்கலாம் அல்லவா?

டிராக்டரில் அந்தக் 'குழாய்' எது? எஞ்சினோடு ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் சுழல்கிறது. பல எஞ்சின்களில் அதன் உட்புறம் காந்தங்கள் உள்ளன. அவற்றின் நடுவே அசையாமல் இருக்கும் கம்பிச்சுருள்தான் ஸ்டேட்டர். காந்தப்புலம் மாறும்போது கம்பிச்சுருளில் மின்சாரம் உண்டாகும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். இங்கும் அதுவே நடக்கிறது. ஆனால், ஸ்டேட்டர் தருவது மாறுதிசை மின்னோட்டம்; பேட்டரிக்குத் தேவை நேர்திசை மின்னோட்டம். இந்த மாற்றத்தைச் செய்து, மின்னழுத்தம் அளவு மீறாமல் காப்பது ரெகுலேட்டர்.

இத்தகைய எஞ்சின்கள் பலவற்றில் தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தனிச் சுருள் ஒன்று தருகிறது. ஆகவே, பேட்டரிக்கு மின்சாரம் ஏறாவிட்டாலும் டிராக்டர் வழக்கம்போல் புல் வெட்டும். மறுமுறை சாவியைத் திருப்பும்போதுதான் குட்டு வெளிப்படும்!

உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சோதனையைப் பெரியவர் ஒருவருடன் சேர்ந்து, திறந்தவெளியில் செய்யுங்கள். கைத்தடை போடப்பட்டிருக்க வேண்டும். வெட்டும் கத்தி ஓடக்கூடாது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம் என்பதால் அருகில் நெருப்பு கூடாது.

முதல் அளவு: எஞ்சின் ஓடாமல் சில மணி நேரம் கிடந்த பிறகு, பேட்டரி முனைகளில் நேர்திசை மின்னழுத்தத்தை அளவிடுங்கள். நிறைந்த பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜரால் முழுமையாக ஏற்றுங்கள். ஏற்றிய பிறகும் தானாகவே இறங்கிவிட்டால் பேட்டரிதான் குற்றவாளி.

இரண்டாம் அளவு: எஞ்சினை வேகமாக ஓடவிட்டு, அதே முனைகளில் அளவிடுங்கள். பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் நலம். 12.4 என்று தொடங்கி இறங்கிக்கொண்டே போனால் பேட்டரிக்கு மின்சாரம் வரவில்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்திருக்கலாம்.

மின்சாரம் வரவில்லையா? உடனே பாகங்களை மாற்றாதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபியூஸ், தளர்ந்த இணைப்புகள், துரு ஆகியவற்றைப் பாருங்கள். பல ரெகுலேட்டர்களின் உலோக உடலே மின்சுற்றின் ஒரு பகுதி. அதைப் பிடித்திருக்கும் திருகாணியில் துரு ஏறினால் சுற்று அறுந்துவிடும். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடலாம்.

மூன்றாம் அளவு: இதைப் பெரியவரே செய்யட்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது ஸ்டேட்டரின் இணைப்பைக் கழற்றி, பிறகு எஞ்சினை வேகமாக ஓட்டி, அதன் இரு கம்பிகளுக்கு இடையே மாறுதிசை மின்னழுத்தத்தை அளவிட வேண்டும். பல எஞ்சின்களில் இது 20 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். சரியான அளவு எஞ்சினின் கையேட்டில் உண்டு. எதுவுமே வராவிட்டால் ஸ்டேட்டர் பழுது. அளவு சரியாக இருந்து, கம்பிகளும் நன்றாக இருந்தும் பேட்டரி ஏறவில்லை என்றால் சந்தேகம் ரெகுலேட்டர் மீதுதான்.

பேட்டரிக்குள் ஈயமும் கந்தக அமிலமும் உள்ளன. நல்ல பேட்டரியை வீசினால் பணமும் வீண், சுற்றுச்சூழலுக்கும் கேடு. மருத்துவர் காய்ச்சலை அளந்து பார்த்த பிறகுதானே மருந்து தருகிறார்? நாமும் முதலில் அளப்போம்!