கபட்டைப் பார்க்காமல் கலர் கொடுக்க வேண்டாம்

ஹார்ட்வெயார் வியாபாரத்தில் உள்ள சகோதரர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதொன்றுண்டு. சீமெந்தையும் கம்பியையும் விற்றால் வாடிக்கையாளர் விலையைப் பற்றி மட்டுமே பேசுவார். பெயின்ட் விற்றால் அவரது வீட்டாரும் அயலவரும் சேர்ந்து நம்மைப் பற்றிப் பேசுவார்கள். அதிலும் குசினிச் சுவர் மிகவும் சிக்கலானது. ஏனெனில் அங்கே சுவர் தனியாக நிற்பதில்லை. பல இலட்சம் ரூபா கொடுத்துச் செய்த மரக் கபட் அதன் பக்கத்திலேயே நிற்கிறது.

இதனை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன்.

சில வருடங்களுக்கு முன்னர் எமது கடையின் வழமையான வாடிக்கையாளர் ஒருவர் வீடு கட்டி முடித்திருந்தார். குசினிக்கு மஹோகனிப் பலகையில் பென்ட்ரி கபட். கடைக்கு வந்து கலர் கார்டைப் புரட்டி, பீச் நிறமொன்றைத் தெரிவு செய்தார். கார்டில் அழகாகத்தான் இருந்தது. குசினிக்கும் சாப்பாட்டறைக்கும் சேர்த்து 10 லீற்றர் கலந்து கொடுத்தேன். கபட் என்ன மரம், என்ன நிறம் என்று ஒரு வார்த்தை கூட நான் கேட்கவில்லை.

இரண்டு கிழமையின் பின்னர் கடைக்கு வந்தவர் அவரல்லர். கபட் செய்த ஓடாவியார் வந்தார். "நானா, நீங்க குடுத்த பெயின்டால எனக்கு மிச்சக் காசு கிடைக்காமப் போயிட்டு" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்தபோதுதான் விடயம் தெரிந்தது. சுவருக்குப் பெயின்ட் அடித்த பிறகு மஹோகனியின் செம்மை மங்கி, சேறு கலந்த பழுப்பாகத் தெரிந்திருக்கிறது. ஓடாவியார் மட்டமான பொலிஷ் பூசி ஏமாற்றிவிட்டார் என்று எண்ணிய வீட்டுக்காரர் மீதிப் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார். சம்பளம் கொடுக்க வேண்டிய இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு அந்த மனிதர் அலைந்துகொண்டிருந்தார்.

ஓடாவியாரின் பலகையிலும் பிழையில்லை, பொலிஷிலும் பிழையில்லை. கண் செய்த வேலை அது. ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிறத்தை வைத்தால், நமது கண் முதலாவது நிறத்தின் சாயலை இரண்டாவதிலிருந்து கழித்துப் பார்க்கும். பீச் நிறம் செம்மை கலந்தது, மஹோகனியும் செம்மை கலந்தது. சுவர் முழுவதும் வெளிர் செம்மையாக இருக்கும்போது, பலகையிலுள்ள செம்மை கண்ணுக்குக் குறைந்து, பழுப்பு மட்டுமே எஞ்சி நிற்கிறது.

இது புதிய விடயமுமல்ல. பரிஸ் நகரில் கோபலான் என்ற புகழ்பெற்ற நெசவாலை இருக்கிறது. அங்கே 1824 இல் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டவர் செவ்ரல் என்ற இரசாயனவியலாளர். கறுப்புச் சாயம் தரமில்லை, அழுத்தமில்லை என்று அவருக்கு முறைப்பாடு வந்தது. அவர் சாயத்தைச் சோதித்துப் பார்த்தார், குறையேதும் இல்லை. அந்தக் கறுப்பு நூலை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததனால்தான் அது மங்கலாகத் தெரிந்தது என்பதைக் கண்டுபிடித்தார். 1839 இல் அதனையே பெரியதொரு நூலாக எழுதி வெளியிட்டார். அன்று சாயக்காரர்கள் மீது விழுந்த பழிதான் நமது ஓடாவியார் மீதும் விழுந்தது.

நான் சாம்பல் கலந்த இளம் பச்சையில் ஒரு சிறிய டின் கலந்து, பெரிய வெள்ளை மட்டையொன்றில் இரண்டு கோட் அடித்துக் காய வைத்து, ஓடாவியாருடன் அந்த வீட்டுக்குப் போனேன். மட்டையைக் கபட் கதவுக்குப் பக்கத்தில் பிடித்ததும் மஹோகனி மீண்டும் சிவந்து நின்றது. வீட்டுக்காரர் மட்டையை எடுக்கச் சொன்னார், திரும்ப வைக்கச் சொன்னார், மீண்டும் எடுக்கச் சொன்னார். பிறகு ஓடாவியாரிடம் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று மீதிப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். புதிய பெயின்ட் என் கணக்கில் போனது. பூசுகூலி அவருடையது. கலந்த பெயின்டைப் பழையபடி வெள்ளையாக்க முடியாது என்பதனால் எஞ்சியிருந்த பீச் டின் நீண்ட காலம் எனது களஞ்சியத்தில் கிடந்தது.

அன்றிலிருந்து யார் குசினிக்குப் பெயின்ட் கேட்டாலும் முதலில் மரத்தைத்தான் கேட்கிறேன். மஹோகனி என்றால் பீச், ரோஸ், மெரூன் சாயல்களை ஒதுக்கிவிட்டு, இளம் பச்சை அல்லது கிறீம் பக்கம் கொண்டு போவேன். தேக்கு பொன் கலந்த பழுப்பு நிறமுடையது. அதற்கு நீலச் சாம்பலில் மிக வெளிறியது நன்றாகப் பொருந்தும். தேக்கின் நிறத்துக்கே கிட்டிய பிஸ்கட் நிறத்தைச் சுவருக்குப் பூசினால் சுவர் எது பலகை எது என்று தெரியாமல், செலவழித்த காசு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். முதிரையும் பலாவும் மஞ்சள் சார்ந்தவை. இவற்றுக்குப் பக்கத்தில் எலுமிச்சை மஞ்சள் வேண்டவே வேண்டாம்.

பலாவில் இன்னொரு கவனம் வேண்டும். புதிதாக அறுத்தபோது மஞ்சளாக இருக்கும் பலகை வருடங்கள் செல்லச் செல்லச் செம்பழுப்பாக மாறும். மஹோகனியும் வெளிச்சம் பட்டால் இருண்டு போகும். ஆகவே புதிய கபட்டாயின் இன்றைய நிறத்துக்கல்ல, அது போய்ச் சேரப்போகும் நிறத்துக்கே சுவரைத் தெரிவு செய்ய வேண்டும். ஓடாவியாரிடம் பழைய வேலையொன்றைக் காட்டச் சொன்னால் விடை கிடைத்துவிடும்.

எந்தத் தொல்லையும் வேண்டாம், வெள்ளையே போதும் என்பார்கள் சிலர். வெள்ளையிலும் வகையுண்டு. பளிச்சென்ற வெள்ளையில் சிறிது நீலச் சாயல் இருக்கும். அது மஞ்சள் மரத்தை இன்னும் மஞ்சளாக்கிக் காட்டும், சுவரும் ஆஸ்பத்திரிச் சுவர் போலாகிவிடும். கொஞ்சம் கிறீம் கலந்த வெள்ளைதான் மரத்துடன் ஒத்துப்போகும். கபட் மிகவும் கறுத்த பொலிஷ் என்றால், கலர் கார்டில் எல்.ஆர்.வி. என்றொரு எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பனிகள் அதனைக் கார்டின் பின்புறத்தில் அச்சிடுகின்றன. சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதனை 0 முதல் 100 வரை சொல்லும் கணக்கு அது. கறுத்த கபட்டும் சிறிய ஜன்னலும் உள்ள குசினிக்கு 70 இற்குக் குறையாத நிறத்தையே நான் கொடுப்பேன்.

அடுத்தது வெளிச்சம். நமது கடைகளில் வெள்ளை டியூப் லைட் எரிகிறது. வீட்டில் என்ன பல்ப் எரிகிறது என்று நாம் கேட்பதில்லை. எல்.ஈ.டி. பல்ப் பெட்டியில் 6500 கே என்றிருந்தால் அது நீலம் சார்ந்த வெளிச்சம், 3000 கே அல்லது அதற்குக் குறைவு என்றால் மஞ்சள் சார்ந்தது. சாம்பல் நிறம் முதலாவதில் நீலமாகவும் இரண்டாவதில் பழுப்பாகவும் தெரியக்கூடும். கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டுவது நல்ல பழக்கந்தான். ஆனால் வெயில் ஒளி குசினிக்குள் வருவதில்லையே!

ஆகவே சிறிய டின்னும் மட்டையும்தான் ஒரே வழி. மட்டை இரண்டடி அகலமாவது இருக்கட்டும். இரண்டு கோட் அடித்து நன்கு காய்ந்த பின்னரே பார்க்க வேண்டும், ஏனென்றால் இமல்ஷன் ஈரத்தில் வெளிறியும் காய்ந்தபின் சற்றுக் கறுத்தும் தெரியும். கபட்டுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, காலை, நண்பகல், இரவு பல்ப் வெளிச்சம் என்று மூன்று வேளையும் பார்க்கச் சொல்லுங்கள். நாளில் அதிக நேரம் குசினியில் நிற்பவர் பார்க்க வேண்டும். கடைக்கு வந்த ஆண்மகன் மட்டும் தீர்மானித்துவிட்டுப் போனால் டின் திரும்பி வரும். பெரும்பாலும் கார்டில் பிடித்த நிறத்தைவிட ஒரு படி வெளிறியதைத்தான் கடைசியில் எடுப்பார்கள். நான்கு சுவரிலும் ஏறும்போது நிறம் கார்டைவிட அழுத்தமாகத் தெரியும்.

மேடைக்கும் மேல் கபட்டுக்கும் இடையிலுள்ள டைலையும் மறக்கக் கூடாது. அதனை இலகுவில் மாற்ற முடியாது. டைல் கிறீம் என்றால் சுவரும் அதன் வழியே போகட்டும். கழுவக்கூடிய, இலேசான பளபளப்புள்ள இமல்ஷனையே குசினிக்குக் கொடுங்கள். தேங்காய்ப்பாலும் எண்ணெயும் மஞ்சளும் தெறிக்கும் இடத்தில் பளபளப்பே இல்லாத பெயின்ட் கறையைப் பிடித்துக்கொண்டு விடாது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 10 அடிக்கு 12 அடிக் குசினி, 9 அடி உயரம் என்றால் சுவர் 396 சதுர அடி. கபட், டைல், கதவு, ஜன்னல் போக ஏறத்தாழ அரைவாசி, அதாவது 200 சதுர அடிதான் பெயின்ட் காணும். நன்கு தயார் செய்த சுவரில் ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி போகும். இரண்டு கோட்டுக்கு 4 லீற்றர். 10 லீற்றரைத் தலையில் கட்டினால் அன்றைக்கு மட்டும் இலாபம். 2022 இல் ரூபா விழுந்து பெயின்ட் விலை ஏறிய பிறகு மக்கள் ஒவ்வொரு லீற்றரையும் எண்ணித்தான் வாங்குகிறார்கள். எஞ்சிய டின்னைப் பார்க்கும் போதெல்லாம் நம்மை நினைப்பார்கள், நல்லவிதமாக அல்ல.

கலந்து கொடுக்கும் டின்னின் மூடியில் நிற இலக்கத்தையும் திகதியையும் எழுதி, அதனையே கடைக் கொப்பியிலும் பதிந்து வைக்கிறேன். அந்த ஓடாவியார் இப்போது புதிய கபட் வேலை எடுத்தால், பொலிஷ் பூசிய கைப்பிடியளவு பலகைத் துண்டொன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்து, "பெயின்ட் எடுக்கப் போகக்குள்ள இதையும் கொண்டு போங்க" என்று சொல்லி எனது கடைக்கு அனுப்புகிறார். மேசை லாச்சியில் அப்படிச் சேர்ந்த துண்டுகள் பத்துப் பன்னிரண்டு கிடக்கின்றன. பலகை கொண்டு வராமல் வருபவர்களுக்கு அவற்றில் ஒன்றை எடுத்துத்தான் கார்டின் மேல் வைத்துக் காட்டுகிறேன்.