திருநெல்வேலி பேர் போட்ட இலை

பாளையங்கோட்டையில் கருத்தரங்குக்குப் பஞ்சமே கிடையாது. பொங்கல் கழிந்து பரீட்சை வருவதற்குள் ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் தொங்கும். அப்படி ஒன்றில் போய் உட்கார்ந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அழைப்பிதழில் பத்து மணி என்று போட்டுவிட்டுப் பதினொன்றேகாலுக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள், டீ ஆறிப்போயிருந்தது என்றெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது. தலைப்பு, சிஸ்டம்ஸ் பயாலஜியும் மருந்து உருவாக்கமும்.

முதல் பேச்சாளர் திரையில் ஒரு படம் போட்டார். சீப்பில் சிக்கிய முடிக்கற்றை மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் புள்ளிகள், புள்ளிக்குப் புள்ளி கோடுகள். ஒவ்வொரு புள்ளியும் உடம்பில் இருக்கிற ஒரு புரதமாம். கோடு போட்டிருந்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு என்று அர்த்தமாம். பின்வரிசைப் பையன்கள் அதைப் போனில் படம் பிடித்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணயர்ந்திருந்தார். எனக்கு வீட்டுக் கயிற்றுக் கட்டில் ஞாபகம் வந்தது. தொய்ந்த இடத்தில் ஒரு கயிற்றை இழுத்தால் அந்த இடம் மட்டுமா இறுகுகிறது?

மருந்துக் கம்பெனிகள் பல காலம் செய்தது ஒற்றைக் கயிற்றை இழுக்கிற வேலைதான். ஒரு நோய், அதற்குக் காரணமான ஒரு புரதம், அந்தப் புரதத்தில் போய் உட்காருகிற ஒரு மூலக்கூறு. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் அந்த வழியின் பெரிய வெற்றி; ஒருவகை ரத்தப் புற்றுநோயை மாத்திரை போட்டுக் கட்டுக்குள் வைக்கலாம் என்று ஆக்கியது. ஆனால் ஒரே கயிற்றில் தொங்குகிற நோய்கள் கொஞ்சம்தான். சர்க்கரையும் மூட்டுவாதமும் அப்படியா இருக்கின்றன? மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கிற கட்டம்வரை வந்த மருந்துகளிலேயே பத்தில் ஒன்பது போல, கடைக்கு வராமல் வழியிலேயே நின்றுவிடுகின்றன. கட்டிலை முழுசாகப் பார்த்தால் என்ன என்ற யோசனைக்குத்தான் சிஸ்டம்ஸ் பயாலஜி என்று பெயர். 2000இல் லீராய் ஹுட் என்ற அமெரிக்க விஞ்ஞானி சியாட்டிலில் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். 2003இல் மனித மரபணுத் தொகுப்புத் திட்டம் முடிந்தது. அதன் பிறகு புள்ளிகளுக்கும் குறைவில்லை, கோடுகளுக்கும் குறைவில்லை.

பேச்சாளர் காட்டிய உதாரணங்கள் எல்லாம் கடல் தாண்டியவை. குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் ஒன்று திருநெல்வேலியின் பெயரையே சுமந்துகொண்டு உலகம் பூராவும் மருந்துக்கடையில் கிடக்கிறதே, அதை யாரும் சொல்ல மாட்டேனென்கிறார்களே என்றிருந்தது.

நிலாவிரை. மருந்து நூல்களில் டின்னவெல்லி சென்னா. வெள்ளைக்காரன் வாயில் திருநெல்வேலி டின்னவெல்லி ஆனது. ஊர் அந்தப் பெயரை எப்போதோ உதறிவிட்டது, இலை மட்டும் விடவில்லை. நம்மூர்ச் செடி என்று மார்தட்டவும் முடியாது. பூர்வீகம் அரேபியா, ஆப்பிரிக்கப் பக்கம். இங்கே வந்து, தண்ணீர் அதிகம் கேட்காமல், காய்ந்த மண்ணில் நன்றாகவே பிடித்துக்கொண்டது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. ஐரோப்பிய மருந்துத் தரநூலில் அலெக்சாண்டிரியக் காய் தனி, டின்னவெல்லிக் காய் தனி என்று இருந்தது. அலெக்சாண்டிரியக் காயில் வீரியப் பொருள் குறைந்தது 3.4 சதவீதம் இருக்க வேண்டும், நம்முடையதில் 2.2 இருந்தால் போதும் என்று வைத்திருந்தார்கள். நம்மூர்க் காய் கொஞ்சம் சாது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது. மலச்சிக்கலுக்கு, 7.5 மில்லிகிராம் மாத்திரை. கௌரவமான வியாதி இல்லைதான். அதனால்தானோ என்னவோ மேடையில் யாரும் பேசுவதில்லை.

இது வேலை செய்கிற விதம்தான் விசேஷம். இலைக்குள் இருக்கிற சரக்குக்குச் சென்னோசைடு என்று பெயர். 1941இல் ஸ்விட்சர்லாந்தில் ஆர்தர் ஷ்டோலும் கூட்டாளிகளும் அதைப் பிரித்தெடுத்தார்கள். மூலக்கூறின் இரண்டு பக்கமும் சர்க்கரை ஒட்டியிருக்கிறது. அந்தச் சர்க்கரையை வெட்டியெடுக்க மனித உடம்பிடம் கத்தி கிடையாது. வயிற்றில் ஒன்றும் ஆகாது, சிறுகுடலிலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பிரிக்காத கவர் மாதிரி பெருங்குடல்வரை போய்ச் சேரும். அங்கே கோடிக்கணக்கில் குடியிருக்கிற பாக்டீரியாக்கள் கவரைப் பிரிக்கின்றன. சர்க்கரையை அவை தின்றுகொள்ள, மிச்சம் ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளாக மாறுகிறது. குடலை அசைப்பது அதுதான். இலை வெறும் தபால். ராத்திரி படுக்கும்போது சாப்பிட்டால் விடிந்தபிறகு வேலை செய்வதும் இதனால்தான். அந்த எட்டுப் பத்து மணி நேரம் பயணத்துக்கும் கவர் பிரிப்பதற்கும் ஆகிற நேரம்.

கதை அதோடு முடியவில்லை. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளை வைத்து இன்னும் ஒரு படி போனார்கள். இந்த ரெயின் ஆந்த்ரோன், பெருங்குடலில் காவலுக்கு நிற்கிற மேக்ரோஃபேஜ் செல்களைத் தட்டி எழுப்புகிறது. அவை ஒரு சமிக்ஞைப் பொருளைக் கக்குகின்றன. அது பக்கத்துச் செல்களில் தண்ணீரை உறிஞ்சும் வாய்க்கால்களைக் குறைக்கிறது. தண்ணீர் உள்ளே இழுக்கப்படாமல் குடலிலேயே தங்க, மலம் இளகுகிறது. ஒரு இலை, அதன் மேல் ஒரு பாக்டீரியாக் கூட்டம், அப்புறம் ஒரு நோயெதிர்ப்புச் செல், கடைசியில் ஒரு மதகு. இதில் எந்த ஒரு புரதத்தைப் பிடித்து மருந்தின் இலக்கு இதுதான் என்று சொல்வீர்கள்? ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக் குடல் பாக்டீரியாக்கள் நலிந்திருக்கிற ஆளிடம் அதே இலை அதே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. கயிற்றுக் கட்டில் என்று நான் சொன்னது இதைத்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் வராண்டாவில் போஸ்டர் பார்வை. வரிசையாக இருபது முப்பது போஸ்டர்கள். பாதிக்கு மேல் ஒரே அச்சு: இடது பக்கம் ஒரு மூலிகையின் புகைப்படம், நடுவில் வண்ண ரிப்பன்கள் சுருண்ட புரதம், அதன் குழிக்குள் குச்சிகுச்சியாக ஒரு மூலக்கூறு, கீழே மைனஸ் எட்டு, மைனஸ் ஒன்பது என்று பிணைப்பு ஆற்றல். டாக்கிங் என்று சொல்கிறார்கள். மென்பொருள் இலவசம்; மடிக்கணினி இருந்தால் போதும். என் மொழியில் சொன்னால் இது ஜாதகப் பொருத்தம். பத்துக்கு ஒன்பது பொருத்தம் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. நல்லது. கல்யாணம் ஆனதா, குடித்தனம் நடக்கிறதா என்பது வேறு கதை. 2020இல் கொரோனா வைரஸின் ஒரு நொதியின் வடிவம் 6LU7 என்ற எண்ணோடு வெளியானதும், கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளையும் அதோடு பொருத்திப் பார்க்காத துறையே இல்லை என்கிற அளவுக்கு இங்கே ஜாதகம் பார்த்தார்கள். சோதனைக்குழாய்வரை போனவை கொஞ்சம். நோயாளிவரை போனவை அதிலும் கொஞ்சம்.

மாணவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? செல் வளர்க்க இன்குபேட்டர் வேண்டும், ரசாயனம் வேண்டும், விலங்குச் சோதனைக்கு அனுமதி வேண்டும். கம்ப்யூட்டர் வேலை மட்டும்தான் சின்ன ஊர்க் கல்லூரிக்குக் கட்டுப்படியாகிறது. அதிலும் உருப்படியான காரியம் நடந்ததுண்டு. அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் 2008இல் தொடங்கிய திறந்த மூல மருந்துத் திட்டத்தில், 2010வாக்கில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் இணையத்தில் உட்கார்ந்து காசநோய்க் கிருமியின் சுமார் 4,000 மரபணுக்களைப் பங்கு போட்டுக் குறிப்பெழுதினார்கள். சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சாமல் குழு மூலிகைகளையும் அவற்றின் வேதிப்பொருள்களையும் திரட்டி ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. 2018இல் 1,742 செடிகளோடு தொடங்கி, 2023இல் 4,010 செடிகள், 17,967 வேதிப்பொருள்கள் என்று வளர்ந்தது. கணித நிறுவனம் மூலிகை எண்ணுகிறது! இந்தத் துறையின் சுவாரசியமே இப்படித் துறைக்குத் துறை சுவர் இல்லாமல் போவதுதான்.

கேள்வி நேரத்தில் ஒரு சித்த மருத்துவர் எழுந்தார். “ஒரு மூலக்கூறு போதாது, பல சேர்ந்துதான் வேலை செய்யும்னு இப்பம் கண்டுபிடிச்சிருக்கீங்க. நாங்க காலங்காலமா கூட்டு மருந்துதான குடுக்கோம்?” கைதட்டல் பலமாக இருந்தது. இந்த ஊரில் அது ஆச்சரியமில்லை. அரசு சித்த மருத்துவக் கல்லூரி இங்கே 1964இல் வந்தது, ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி 1965இல். ஒரு வருடம் முன்னே பின்னே. ஜனங்கள் இரண்டுக்கும் போகிறார்கள். ஒரு டாக்டரிடம் போன விவரம் மட்டும் இன்னொரு டாக்டருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

அவர் சொன்னதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்குக் கீழாநெல்லியைப் பார்க்க வேண்டும். 1988இல் சென்னையிலிருந்து எஸ். பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் முதலானவர்களோடு சேர்ந்து, ‘லான்செட்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார். வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கிற கீழாநெல்லி இனங்கள் பல. மண் வேறு, பறித்த பருவம் வேறு, சாப்பிட்ட உடம்பு வேறு. எதனால் மாறியது என்பது இன்றுவரை வாதம். கூட்டு மருந்து என்பதே நிரூபணம் ஆகிவிடாது. கூட்டில் யார் என்ன செய்கிறார் என்று தனித்தனியாகக் கணக்குக் கேட்கத்தான் அந்த முடிக்கற்றைப் படம்.

கணக்கு கேட்பதற்கு முன்னால் செடி எது என்று தெரிய வேண்டாமா? அதற்குக் காட்டில் அலைந்து, தாளில் ஒட்டி, பெயர் எழுதுகிற ஆள் வேண்டும். இதே பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலிருந்து வி. எஸ். மாணிக்கமும் வி. இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிச் செடிகளைத் தொகுத்து 1992இல் புத்தகமாகப் போட்டார்கள். அந்த மாதிரி வேலைக்கு இன்றைக்கு ஆள் சேர்வது கஷ்டம். ரிப்பன் படம் வராதே அதில்.

பொதிகைக்கு அந்தப் பக்கம் நடந்தது இன்னொரு பாடம். 1987இல் அகத்தியர் மலைக் காட்டில் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் குழுவினர் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தபோது, வழிகாட்டிய காணிப் பழங்குடி இளைஞர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை அது. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. தயாரிக்கும் உரிமையை 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்து, வந்ததில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. பணத்தை வாங்க 1997இல் ஒரு அறக்கட்டளை உண்டானது. காணிகளையும் மருந்தையும் இணைக்கிற அந்தக் கோடு கருத்தரங்கின் எந்தத் திரையிலும் தெரியவில்லை. இந்தப் பக்கம் காரையாறு, மயிலாறு காணிக் குடியிருப்புகள் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் போகிற தூரம்தான்.

சாயங்காலம் போஸ்டர்களைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். அவளும் டாக்கிங்தான் செய்திருந்தாள்.

“செடி எங்க இருந்து எடுத்தம்மா?”

“டேட்டாபேஸ்ல இருந்து சார்.”

டின்னவெல்லி சென்னா தெரியுமா என்றேன். பாடத்தில் படித்திருக்கிறாள், ஏதோ வெளிநாட்டு மூலிகை என்று நினைத்திருந்தாளாம். போனில் படத்தைக் காட்டினேன். மஞ்சள் பூ, தட்டையான காய், நீலம் பூத்த பச்சை இலை. பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இது அவுரில்லா! எங்க ஊர்ல போடுதாங்களே.”

சாத்தான்குளம் பக்கம் அவள் ஊர். சித்த நூல்களில் அவுரி என்றால் நீலச்சாயம் எடுக்கிற வேறு செடி. நம் பக்கத்தில் நிலாவிரைக்கும் அதே பெயர்தான். வேதிப்பெயரைச் சொன்னேன், பாக்டீரியா கவர் பிரிக்கிற கதையைச் சொன்னேன். சான்றிதழ் வாங்க வரிசை நின்றுகொண்டிருந்தது, அவள் போகவில்லை. போனை எடுத்து வராண்டா ஓரமாகத் தள்ளிப் போனாள்.

“அப்பா, நம்ம அவுரி எலைய கிலோ என்ன வெலைக்கு எடுக்காங்க?”